வேகம் ஏன் விட்டுப்போகிறது

ஜூன் 9, ஞாயிறு

செரம்பானிலிருந்து தைப்பிங் வந்து சேர ஏழு மணி நேரம் ஆகிவிட்டது. நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்து நாடே ஒரே நாளில் வீடு திரும்புகிறது.

பேத்தி நலம். ஐந்து நாள் குழந்தை என்று யாரும் நம்பமாட்டார்கள், தலையில் அவ்வளவு முடி. மகள் தர்ஷினிக்கு அறுவைச் சிகிச்சைத் தையல் இன்னும் வலிக்கிறதாம். முப்பதாம் நாள் சடங்கு முடிந்ததும் தாயையும் பிள்ளையையும் இங்கே அழைத்து வருவதாகப் பேச்சு. ஜூலை 6 போய் மறுநாள் திரும்ப வேண்டும். மருமகன் அதற்குள் கடலில் எண்ணெய் மேடை வேலைக்குப் போய்விடுவார். என் மனைவி அம்சாவுக்கு நெடுஞ்சாலை என்றால் பயம். ஆகவே ஓட்டப்போவது நான்தான்.

காரில் இரண்டு குறைகள் தெரிகின்றன. தொலைபேசி நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் பழுதுப் புத்தகம் எழுதியவன் நான். எழுதினால்தான் எனக்குப் பழுது பிடிபடும்.

ஒன்று, குரூஸ் கன்ட்ரோல். வேண்டிய வேகம் வந்ததும் ஸ்டியரிங் பக்கத்து விசைத்தண்டைத் தள்ளினால் கார் அந்த வேகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும், காலை எடுத்துவிடலாம். பிரேக்கைத் தொட்டால் விட்டுவிடும். இருபத்தெட்டு வயதான ஜெர்மன் காரில் இது இருப்பதே ஒரு பெருமை. இன்று தள்ளித் தள்ளிப் பார்த்தேன், பிடிக்கவே இல்லை. காலால் ஓட்டினால் வேகம் நம்மை அறியாமல் ஏறுகிறது. நூற்றிருபது, நூற்றிருபத்தைந்து என்று அம்சா பக்கத்திலிருந்து படித்துக்கொண்டே வந்தாள். ஆக்சிலரேட்டர் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம்.

இரண்டு, பிரேக். சங்காட் ஜெரிங் டோல் சாவடியில் முன்னால் நின்ற லாரியை லேசாக இடித்துவிட்டேன். மிதித்தேன், பிடிக்கவில்லை. லாரிக்காரர் இறங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். எங்கள் நம்பர் பிளேட் மட்டும் வளைந்தது.

ஜூன் 10

ஆ கியோங் பட்டறையில் பிரேக் கட்டைகளை மாற்றினேன். பழைய கட்டைகள் பாதிகூடத் தேயவில்லை என்று எடுத்துக் காட்டினான். முப்பது வருடமாக என் கார்களைப் பார்ப்பவன். அவனுக்கும் வயதாகிறது.

ஜூன் 12

குரூஸில் இறங்கினேன். பழுது பார்ப்பதில் முதல் வேலை, குற்றவாளி யார் என்று ஊகிக்காமல் இருப்பது. உள்ளே என்ன போகிறது, வெளியே என்ன வருகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும்.

பயணி பக்கத்து டேஷ்போர்டுக்கு அடியில், கையடக்கப் புத்தகம் அளவில் ஒரு அலுமினியப் பெட்டி. அதுதான் மூளை. அதன் செருகியைக் கழற்றி மீட்டரால் ஒவ்வொரு முனையாகப் பார்த்தேன். மின்சாரம் வருகிறது, பன்னிரண்டு வோல்ட். விசைத்தண்டு தள்ளும்போது தள்ளியதைச் சொல்கிறது. அம்சாவைக் கூப்பிட்டுக் காரைப் பின்னாலிருந்து மெல்லத் தள்ளச் சொன்னேன். வேகம் சொல்லும் வயரில் மீட்டர் முள் துடித்தது. ஆக, பெட்டிக்குத் தெரிய வேண்டியதெல்லாம் தெரிகிறது. ஆனால் எஞ்சினுக்கு அது ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை.

பழுது பெட்டிக்குள்தான். மனசுக்கு அவ்வளவு நிம்மதி.

ஜூன் 13

காலையில் மார்க்கெட்டில் வலது கால் செருப்பைத் தொலைத்தேன். மீன்காரரிடமிருந்து கார் வரை வெறுங்காலில் வந்திருக்கிறேன். அம்சாதான் பார்த்துச் சொன்னாள். வார் தளர்ந்த பழைய செருப்பு.

ஜூன் 14

இன்று சர்க்கரை கிளினிக் நாள். பெட்டிக்குப் போட வேண்டிய கெப்பாசிட்டர்கள் தபாலில் வருவதாக இருந்ததால் போகவில்லை. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். கெப்பாசிட்டர்கள் பதினொரு மணிக்கு வந்தன.

ஜூன் 15, சனி

பெட்டியைத் திறந்தேன். இருபத்தெட்டு வருடமாக எந்தக் கையும் படாத பலகை. பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு ஈயப் புள்ளியாகப் பார்த்துக்கொண்டு போனேன். தொண்ணூறுக்கு மேல் இருக்கும். ரிலேயின் கால் பலகையில் இறங்கும் இடத்தில், ஈயத்தைச் சுற்றி முடியை விட மெல்லிய ஒரு வளையம். விரிசல். பல் குத்தும் குச்சியால் ரிலேயை அசைத்தால் கால் மட்டும் ஆடுகிறது, ஈயம் ஆடவில்லை. இத்தனை வருடக் குலுக்கலில் பிடி விட்டுப்போயிருக்கிறது. பெரிய டிரான்சிஸ்டரின் காலிலும் இதேபோல் ஒன்று.

இதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷத்தை யாரிடமும் விளக்க முடியாது. அம்சாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தாள். கோலத்தில் ஒரு புள்ளி அழிந்த மாதிரி இருக்கிறது என்றாள்.

எல்லாப் புள்ளிகளுக்கும் புது ஈயம் வைத்து, மூன்று கெப்பாசிட்டர்களையும் மாற்றினேன். நடுவில் ஒரு துளி ஈயம் மேசையிலிருந்து காலில் விழுந்துவிட்டது. கருகின வாடை வந்து குனிந்து பார்த்தால், கட்டை விரலுக்குப் பக்கத்தில் வெள்ளிப் பொட்டு மாதிரி ஒட்டியிருக்கிறது. விழுவதற்குள் ஆறியிருக்க வேண்டும், சுடவில்லை.

ஜூன் 16

பிடித்தது! சங்காட் ஜெரிங் தாண்டியதும் தொண்ணூறில் தள்ளினேன். யாரோ அடியிலிருந்து காரைத் தாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. காலை எடுத்தேன். ஏற்றத்திலும் தொண்ணூறு, இறக்கத்திலும் தொண்ணூறு.

ஏழு நிமிடம் கழித்து விட்டுவிட்டது. மறுபடி தள்ளினேன், பிடித்தது. பிறகு மறுபடியும் விட்டது.

ஜூன் 18

கோல கங்சார் வரை போய்த் திரும்பினேன். ஐந்து முறை விட்டது. எத்தனை நிமிடம் தாங்கியது என்று குறித்தேன்: 3, 11, 6, 2, 9. இதில் ஒழுங்கே இல்லை. பின்னால் வந்த வேன்காரன் வேறு அடிக்கடி ஹாரன் அடித்தான். நான் ஒரே வேகத்தில் இடது தடத்தில்தான் போனேன். அவனுக்கு என்ன கோபமோ.

ஜூன் 19

வெப்பமாக இருக்கலாம் என்று நினைத்தேன். பெட்டியை மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்து, அம்சாவின் முடி உலர்த்தியால் இருபது நிமிடம் சூடேற்றினேன். கை வைக்க முடியாத சூட்டிலும் ரிலே விடவில்லை. தட்டிப் பார்த்தேன், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். அசரவில்லை.

பெட்டியில் பழுதில்லை. அப்படியானால் யாரோ அதற்கு ‘விடு’ என்று சொல்கிறார்கள். யார் என்று தெரிய வேண்டும்.

சொல்லக்கூடியவை மூன்று: விசைத்தண்டு, வேக வயர், பிரேக் வயர்.

ஜூன் 22, சனி

பிரேக் வயரிலிருந்து ஒரு கிளை எடுத்து, டேஷ்போர்டின் மேல் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று வைத்தேன். பிரேக் சமிக்ஞை வந்தால் விளக்கு எரியும். மற்ற இரண்டுக்கும் பச்சை, மஞ்சள். அம்சா பார்த்துவிட்டுத் தீபாவளியா என்றாள்.

ஓட்டினேன். நான்காவது நிமிடம் சிவப்பு எரிந்தது, அதே நொடியில் குரூஸ் விட்டது. திரும்பி வருவதற்குள் நான்கு முறை. நான்கு முறையும் சிவப்புதான்.

கண்டுபிடித்தாயிற்று. பிரேக் மிதிக்கு மேலே இருக்கும் சுவிட்ச். மிதியை யாரும் தொடாதபோதே தொட்டதாகப் பொய் சொல்கிறது.

ஜூன் 24

ஆ கியோங்கிடம் புது சுவிட்ச் இருந்தது. மாற்றினேன்.

ஜூன் 25

விட்டது. ஆறு முறை.

ஜூன் 26

சுவிட்சின் இடைவெளியைக் கூட்டி வைத்தேன். அப்படியும் விட்டது. எனக்கே அலுத்துப்போய் ஆ கியோங்கை ஓட்டச் சொன்னேன். நான் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோல கங்சார் போக, வர, எழுபது கிலோமீட்டருக்குக் குறையாது. ஒரு முறைகூட எரியவில்லை. சாலையைப் பார்க்காமல் விளக்கைப் பார்த்ததில் எனக்குத் தலை சுற்றியது.

இறங்கும்போது, உன் காருக்கு உன்மேல் ஏதோ கோபம் என்று மலாயில் சொல்லிச் சிரித்தான்.

ஆ கியோங் என்னைவிட இருபது கிலோ கூட இருப்பான். ஓட்டுநர் இருக்கையில் எடை கூடினால் தரைத்தகடு கொஞ்சம் வளைந்து சுவிட்ச் நகரக்கூடும். யோசிக்க வேண்டிய விஷயம்.

ஜூன் 27

அரிசிப் பை ஒன்றை இருக்கைக்கு அடியில் வைத்து ஓட்டினேன். விட்டது.

ஜூன் 28, வெள்ளி

அம்சா இன்று தானும் வருவதாகச் சொன்னாள். கோல கங்சாரில் மண் கூஜா வாங்க வேண்டுமாம். கூஜாவை எதற்கு இப்போது என்று கேட்பதற்குள் காரில் ஏறிவிட்டாள்.

போகும்போது மூன்று முறை விட்டது. அவள் விளக்கைப் பார்க்கவே இல்லை. கீழே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“அந்த லைட்டு எரியும்போது உங்க கால் எங்க இருக்கு?”

தரையில் என்றேன்.

“இல்லங்க. பிரேக் மேல இருக்கு. மூணு தடவையும் பார்த்துட்டேன்.”

மீட்டர் முள்ளைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் வேறு எண் தெரியும். பயணி இருக்கையிலிருந்து பார்த்தால் காலும் அப்படித்தான் தெரியும் என்று விளக்கினேன். அவள் சுங்கை பேராக் ஓய்விடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். ஓட்டும்போது வைக்கிற மாதிரி காலைத் தரையில் வையுங்கள், கீழே பார்க்கக் கூடாது என்றாள். வைத்தேன். எங்கே இருக்கிறது என்று கேட்டாள். தரையில், கம்பளத்தின் மேல் என்றேன். கைத்தொலைபேசி வெளிச்சத்தைக் கீழே அடித்தாள்.

வலது செருப்பின் விளிம்பு பிரேக் மிதியின்மேல் ஏறியிருந்தது. டேஷ்போர்டில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.

கூஜா வாங்கவில்லை. திரும்பிவிட்டோம்.

ஜூன் 29

மழை. காரை எடுக்கவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

எந்தப் பழுதையும் அளந்து பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, காலை நீட்டினேன். அம்சாவிடம் மீட்டரின் முனையைக் கொடுத்து, எங்கே வேண்டுமானாலும் தொடு, சில நேரம் தொடாமலும் இரு, எல்லாவற்றையும் குறித்துக்கொள் என்றேன். தொட்டதாகத் தெரிந்தால் நான் சொல்வேன்.

வலது பாதம்: பதினைந்து முறை தொட்டாள். நான் சொன்னது மூன்று. தொடாமலேயே தொட்டதாக நான் சொன்னது நான்கு.

இடது பாதம்: பதினைந்தில் ஆறு.

கணுக்காலுக்கு மேலே எல்லாம் சரியாக இருக்கிறது. கணுக்காலுக்குக் கீழேதான் வயர் அறுந்த மாதிரி.

கண்கட்டை அவிழ்த்தபோது அவள் என் காலைத் தூக்கி மடியில் வைத்திருந்தாள். கட்டை விரல் பக்கத்தில், அன்று ஈயம் விழுந்த இடத்தில், கருப்பாக ஒரு பள்ளம். ஓரத்தில் ஈரம். இரண்டு வாரமாக இதோடு நடந்திருக்கிறேன். அவள் உப்பு நீரில் கழுவி மருந்து வைத்துக் கட்டினாள். நாளைக்கே கிளினிக் போக வேண்டும் என்றாள். புதன்கிழமை போகலாம் என்றேன், சனிக்கிழமைப் பயணத்துக்குக் காரைத் தயார் செய்ய வேண்டும். அந்தப் பயணத்தைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. நானும் பேச்சை எடுக்கவில்லை.

ஜூலை 1

பிரேக் வயரில் வரும் தேவையற்ற சமிக்ஞைகளை வடிகட்ட ஒரு சிறு சுற்று செய்தேன். ஒரு கெப்பாசிட்டர், ஒரு ரெசிஸ்டர், ஒரு டிரான்சிஸ்டர். சமிக்ஞை தொடர்ந்து இரண்டு நொடி இருந்தால்தான் பெட்டிக்குப் போய்ச் சேரும். சும்மா உரசுவதெல்லாம் போகாது. தொலைபேசி இணைப்புகளில் இரைச்சலுக்கு இப்படித்தான் செய்வோம். நேர்த்தியான வேலை.

அம்சாவிடம் வயர்களை ஒழுங்குபடுத்துவதாகச் சொன்னேன்.

ஜூலை 2

காலை பத்து மணிக்குத் தனியாக எடுத்துக்கொண்டு போனேன். இருபத்தைந்து கிலோமீட்டர் விடவே இல்லை. சிவப்பு அவ்வப்போது எரிந்தது, ஆனால் குரூஸ் பிடித்துக்கொண்டே இருந்தது. எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

பிறகு தூறல் ஆரம்பித்தது. முன்னால் ஒரு வெள்ளைக் கார் தடம் மாறி வந்து வேகத்தைக் குறைத்தது. மிதித்தேன். மிதித்ததாக நினைத்தேன். சிவப்பு எரிகிறதா, கால் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்தேன். பார்த்துவிட்டு மிதித்தேன். கார் நிற்பதற்குப் பதிலாக முன்னால் தள்ளியது. நான் செய்து வைத்த அந்த இரண்டு நொடி, குரூஸ் விடவில்லை. நிமிர்ந்தபோது வெள்ளைக் கார் கண்ணாடி முழுக்க இருந்தது. இடது பக்கம் ஒடித்தேன். அவசரத் தடம். அதற்கு மேலே பாலம். பாலத்துக்கு அடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு மனிதர் மழைச்சட்டை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கை சட்டைக்குள், ஒரு கை வெளியே.

கார் நின்றபோது அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு கட்டில் போடும் இடம் இருந்தது. அவ்வளவுதான்.

அவர் ஓடவில்லை. அப்படியே நின்று என்னைப் பார்த்தார். பிறகு வந்து கண்ணாடியைத் தட்டினார். திட்டப்போகிறார் என்று இறக்கினேன். உடம்புக்கு முடியவில்லையா பெரியவரே என்று மலாயில் கேட்டார். தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்து கொடுத்தார். யாரையாவது கூப்பிடட்டுமா என்றார். இல்லை, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்றேன். மழை விடும் வரை அவரும் கூடவே நின்றார். தன் பிள்ளைகள் படிக்கும் பள்ளியைப் பற்றிப் பேசினார். மூன்று பிள்ளைகளாம்.

உங்களை இடிக்க இருந்தேன், அதற்கு நான்தான் காரணம் என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், ஓரமாகவே, குரூஸ் போடாமல் வீட்டுக்கு வந்தேன். அந்தச் சுற்றைக் கழற்றிப் பிரேக் வயரைப் பழையபடி நேராகச் சேர்த்தேன். டிரான்சிஸ்டரின் கால்களை வெட்டிக் குப்பையில் போட்டேன்.

ஜூலை 3, புதன்

பசியாறும்போது அம்சாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுற்று செய்ததை, பாலத்தடி மனிதரை, டோல் சாவடியில் இடித்தபோது பிரேக் கட்டைகள் தேயாமல் இருந்ததை. செருப்பு தொலைந்த அன்றே எனக்குச் சந்தேகம் இருந்ததையும் சொன்னேன். அதை இதுவரை இங்கேகூட எழுதவில்லை.

அவள் தோசைக்கல்லை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. திட்டவில்லை.

“சனிக்கிழமை நான் ஓட்டுறேன்” என்றாள்.

உனக்கு நெடுஞ்சாலை பயமாயிற்றே என்றேன்.

“எனக்குப் பயம்னு யாரு சொன்னா? நீங்கதான் சொன்னீங்க. இருபது வருஷமா எல்லார்கிட்டயும் நீங்கதான் சொல்லிக்கிட்டு இருக்கீங்க.”

தாப்பாவுக்குப் பக்கத்தில் ஒருமுறை அவள் ஓட்டும்போது நான் சத்தம் போட்டது நினைவிருக்கிறதா என்று கேட்டாள். பின்னிருக்கையில் அவள் அக்கா குடும்பம் இருந்ததாம். லாரியை முந்தத் தெரியாதவளுக்கு எதற்கு லைசென்ஸ் என்று நான் கேட்டேனாம். வண்டியை ஓரங்கட்டி என்னிடம் சாவியைக் கொடுத்தாளாம். நான் வாங்கிக்கொண்டேனாம்.

எனக்கு நினைவில்லை. ஆனால் அவள் பொய் சொல்பவள் அல்ல.

பிறகு கிளினிக். தாதி ஒரு நைலான் இழையை வைத்துப் பாதத்தில் பத்து இடத்தில் தொட்டாள். நாங்கள் வீட்டிலேயே செய்து பார்த்துவிட்டோம் என்று அம்சா தன் காகிதத்தைக் காட்டினாள். சின்ன வயது டாக்டரம்மா அதை இரண்டு முறை படித்தார். எதை வைத்துத் தொட்டீர்கள் என்று கேட்டார். மீட்டர் முனை என்றதும் அதை வைத்து இனிமேல் தொடாதீர்கள், தோல் கிழியும் என்றார்.

சர்க்கரை நரம்புகளைப் பாதித்திருக்கிறது. போன உணர்ச்சி பெரும்பாலும் திரும்ப வராது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் மேலும் போகாமல் காக்கலாம். புண் எலும்பு வரை போகவில்லை, இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் விரலைப் பற்றி வேறு மாதிரிப் பேச வேண்டியிருக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வர வேண்டும். வெறுங்காலில் நடக்கக் கூடாது. கார் ஓட்டக் கூடாது.

ஆட்டோ கியர்தான், இடது கால் கொஞ்சம் பரவாயில்லை என்று சொல்லிப் பார்த்தேன். டாக்டரம்மா அம்சாவைப் பார்த்தார்.

ஜூலை 4

அம்சா ஓட்டினாள். சங்காட் ஜெரிங்கிலிருந்து கோல கங்சார். இருக்கையை முன்னால் இழுத்து, முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டாள். முதல் பத்து கிலோமீட்டர் எழுபதிலேயே போனாள். நான் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

குரூஸை எப்படிப் பிடிக்க வைப்பது என்று காட்டினேன். முதல் முறை தண்டைத் தவறான பக்கம் தள்ளினாள். இரண்டாம் முறை பிடித்தது. காலை எடுத்துவிட்டு, “ஐயோ, தானா போகுது” என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். எந்த வயர் பெட்டிக்குப் போகிறது, அது வேகத்தை எப்படித் தெரிந்துகொள்கிறது என்று கேட்டாள். சொன்னேன். பல்லி வாலை அறுத்துவிட்ட மாதிரி பிரேக் தொட்டதும் ஏன் விடுகிறது என்று கேட்டாள். அதையும் சொன்னேன். முப்பத்தாறு வருடக் குடும்ப வாழ்க்கையில் என் வேலையைப் பற்றி இவ்வளவு கேள்வி அவள் கேட்டதில்லை. நான் சொல்ல இடம் கொடுத்ததில்லை என்றும் இருக்கலாம்.

சிவப்பு விளக்கு எரியவில்லை.

ஜூலை 5

காலையில் மறுபடி பழகினாள். ஒரு லாரியை முந்தினாள். நான் மூச்சுவிடுவதை நிறுத்தியிருந்தது எனக்கே தெரியவில்லை. அவள்தான் சொன்னாள்.

மாலையில் கிளினிக்கில் கட்டு மாற்றினார்கள்.

ஜூலை 6, சனி

செரம்பான். ஐந்தரை மணி நேரம், இரண்டு இடத்தில் நின்று வந்தோம். கோலாலம்பூரைத் தாண்டும் இடத்தில் மட்டும் அம்சாவுக்கு வியர்த்தது. தடம் சொல்வது என் வேலை. ஒருமுறை நான் தாமதமாகச் சொல்லித் தவறான பாதையில் போய்த் திரும்பினோம்.

தர்ஷினி வாசலிலேயே பார்த்துவிட்டாள். அம்மா ஏன் ஓட்டுகிறாள், அப்பாவுக்கு என்ன என்று கேட்டாள். அம்சா என்னைப் பார்த்தாள். தானே சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கண் எரிச்சல் என்று சொல்ல வாய் வந்தது.

“எனக்கு ரெண்டு பாதமும் மரத்துப்போச்சும்மா. பிரேக்ல கால் இருக்கிறதே எனக்குத் தெரியல. இனிமே நான் ஓட்டக் கூடாது.”

அவள் குனிந்து என் காலைப் பார்த்தாள். கட்டைப் பார்த்தாள். குனிந்தால் தையல் இழுக்கும், நிமிரும்மா என்றேன். அவள் நிமிரவில்லை. எத்தனை நாளாக என்றாள். வருடக் கணக்காக இருக்கலாம், நான் பார்க்கவில்லை என்றேன். உள்ளே வந்து உட்காருங்கள் என்று என் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். அதற்கு அவசியமில்லை, எனக்கு நடக்கத் தெரிகிறது. ஆனாலும் விடச் சொல்லவில்லை.

சடங்கு நன்றாக நடந்தது. குழந்தைக்கு இளநிலா என்று பெயர்.

ஜூலை 7, ஞாயிறு

காலை எட்டரைக்குக் கிளம்பினோம். குழந்தையை அதற்குரிய இருக்கையில் வைத்துப் பின்னால் கட்டினோம். தர்ஷினி அதன் பக்கத்தில். நான் முன்னால், விளக்குகளுக்கு எதிரே.

பீடோருக்கு அப்பால் பலத்த மழை. முன்னால் மரம் ஏற்றிய லாரி. அம்சா பிரேக்கைத் தொட்டாள். தொட்ட மாத்திரத்தில் குரூஸ் விட்டது. ஒரு நொடிகூடத் தாமதமில்லை. மழை குறைந்ததும் தண்டைத் தள்ளி அவளே மறுபடி பிடித்துக்கொண்டாள். எந்தப் பக்கம் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் முடிந்துவிட்டது.

ஈப்போவுக்கு முன்னால் ஓய்விடத்தில் நின்றோம். தர்ஷினிக்குத் தையல் வலி. முன்னிருக்கையைச் சாய்த்துப் படுத்தால் தேவலை என்றாள். இடம் மாறினோம். இந்தக் காரை வாங்கி இத்தனை வருடத்தில் நான் பின்னால் உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து வேக முள் தெரியவில்லை. தலையணையும் அம்சாவின் தோளும் மறைக்கின்றன.

கொஞ்ச தூரம் போனதும் எவ்வளவு என்று கேட்டேன்.

“தொண்ணூறு” என்றாள்.

இன்னும் கொஞ்ச தூரத்தில் மறுபடி கேட்டேன். தர்ஷினி கண்ணைத் திறக்காமலேயே, “அப்பா, புள்ள தூங்குது” என்றாள்.

அதற்குப் பிறகு கேட்கவில்லை. மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும்போது எஞ்சின் சத்தம் கனத்தது, பிறகு சரியானது. வேகம் மாறவில்லை என்று அதிலிருந்தே தெரிந்தது. சுரங்கத்தின் மஞ்சள் வெளிச்சம் குழந்தையின் முகத்தில் விட்டுவிட்டு விழுந்தது. ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் புருவத்தைச் சுருக்கி, இருட்டு வந்ததும் தளர்த்தியது. எத்தனை விளக்குகள் என்று எண்ண ஆரம்பித்தது நினைவிருக்கிறது.

அம்சா தோளைத் தட்டி எழுப்பியபோது கார் வீட்டு வாசலில் நின்றது. டோல் வந்ததும் தெரியாது, தைப்பிங் வந்ததும் தெரியாது. ஈப்போவுக்கு இப்பால் குரூஸ் எத்தனை கிலோமீட்டர் விடாமல் பிடித்தது என்று அவளிடம் கேட்டேன். அதையெல்லாம் யார் பார்த்தார்கள் என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஆகவே இன்றைக்கு எழுத என்னிடம் எண் இல்லை.